உருட்டிப் பார்க்காமல் நம்பாதவர்

என் கராச்சில் வருகிறவர்கள் இருக்க மூன்று பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தேன். ஊரெல்லாம் அக்கா என்று கூப்பிடுகிற ஒருவர் வந்தால் இருக்குமுன் மூன்றையும் ஒவ்வொன்றாக அமத்திப் பார்ப்பார். ஒன்றின் பின்கால் கொஞ்சம் வளையும். அதைத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கரையில் வைத்துவிட்டு, "தம்பி, உந்தக் கதிரையை எறியுங்கோ. ஒருநாளைக்கு ஆரோ விழுந்து நாரி எலும்பு முறிக்கப் போகினம்" என்பார். அவர் போனதும் நான் எடுத்துவந்து பழைய இடத்தில் போடுவேன். அடுத்தமுறை வந்தால் திரும்பவும் வேலிக்கரை. மூன்று வருடமாக ஒரு கதிரையை இரண்டு பேர் மாறி மாறித் தூக்கிக்கொண்டு திரிந்தோம். எனக்கென்றால் பத்திக்கொண்டு வரும்.

கண்டாவளைப் பக்கம் சின்னக் கராச் என்னுடையது. இரும்பு ஒட்டுவேலைதான் அதிகம். கலப்பை, ரக்ரர் பெட்டி, கேற், தண்ணீர்த் தாங்கிக்குக் கால். எனக்குப் பொறுமை குறைவு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்காவின் பெயரைச் சொல்லமாட்டேன். ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு முன்னால் 'பெல்ற் அக்கா', முதுகுக்குப் பின்னால் 'ஜேர்மன் விசரி'. நானும் இரண்டையும் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் இங்கே இல்லை, திரும்ப ஜேர்மனிக்கே போய்விட்டார்.

சண்டைக் காலத்தில் இளம்பெட்டையாகப் போனவர், தலை நரைத்தபிறகு தன் ஒரே தம்பியோடு இருக்கலாம் என்று வந்தார். தம்பிக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலும் ஒரு நாலு சில்லு உழவு மெசினும், அதுதான் ரக்ரரும், இருந்தன. கலியாணம் கட்டியவன், பிள்ளைகள் இல்லை. அக்கா தனி ஆள். அங்கே என்ன வேலை பார்த்தவர் என்று ஒருநாள் கேட்டேன்.

"கூட்டிற வேலை."

"எங்கை?"

"கார் உடைக்கிற இடத்தில."

பழைய இரும்புக் கடையாக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. கம்பனியில் இருந்து நேரே வந்த புத்தம்புதுக் காரை ஒரு பெரிய மண்டபத்துக்குள் கொண்டுவந்து, உள்ளே பொம்மைகளை இருத்தி, பெல்ற் போட்டு, வேகமாக இழுத்துச் சுவரில் மோதவிடுவார்களாம். முன்னால் ஒருதரம், பக்கத்தால் ஒருதரம். சிலதை உருட்டியும் பார்ப்பார்களாம். பிறகு பொம்மைக்கு என்ன நடந்தது என்று பார்த்து அந்தக் காருக்கு ஸ்ரார் கொடுப்பார்களாம், அஞ்சு கிடைத்தால் திறம். மோதி முடிந்து, எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டு போனபிறகு, சிதறின கண்ணாடியைக் கூட்டி அள்ளுவது அக்காவின் வேலை. பத்தொன்பது வருடம் கூட்டியிருக்கிறார்.

"புதுக் காரையோ உடைக்கிறாங்கள்? பாவியள்!" என்று நான் நெஞ்சில் கை வைத்தேன்.

"உடைச்சுப் பாக்காட்டி உங்களையெல்லோ வைச்சு உடைப்பினம்" என்றார்.

அந்த மண்டபத்தை விட்டு அவர் வெளியே வரவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். வாகனம் ஒன்றைக் கண்டால் கை சும்மா இராது. கதவுத் தூணைத் தட்டுவார். பெல்ற்றை வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்ப்பார். பொம்பிளை வீட்டாரோடு கலியாணத்துக்குப் போக வந்த வானை அரை மணித்தியாலம் மறித்து வைத்து, எல்லாக் கதிரையையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, பொம்பிளை வீட்டார் வரவில்லை. நல்ல நேரம் தப்பப் போகிறது என்று ஐயர் கத்துகிறார். அக்கா இறங்கி வந்து, "தப்பேல்லைத்தானே, வந்திட்டம்தானே" என்கிறார்.

இன்னொரு நாள் பிள்ளையார் கோயிலடியில் எங்களுடைய கடைக்காரர் ஒருவர் புதிதாக எடுத்த காருக்குப் பூசை. நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைக்க ஆயத்தம். காருக்குள்ளே கதிரைக்கும் பெல்ற்றுக்கும் போட்டுவந்த பொலித்தீன் உறை அப்படியே இருக்கிறது. எங்கள் ஊரில் அதைக் கழற்றமாட்டோம், கழற்றினால் புதுசு போய்விடும் அல்லவா. ஐயர் தீபம் காட்டுகிற நேரம் பார்த்து அக்கா பின்கதவால் உள்ளே ஏறி, பிளேட் ஒன்றால் பெல்ற் உறைகளைக் கீறி உரித்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரரின் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ரை அக்கா, ஊத்தை பிடிச்சிடுமெல்லோ!"

"ஊத்தையைக் கழுவலாம் பிள்ளை."

கடைக்காரர் வாங்கிய கார் அஞ்சு ஸ்ரார் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அக்கா அவரைப் பார்த்து, "அது அங்க மோதின காருக்குக் குடுத்த ஸ்ரார். உங்கட காருக்குள்ள, மோதினா ஊதிற காத்துப்பை இருக்கோ, இல்லை ஆரும் கழட்டி வித்துப்போட்டாங்களோ எண்டு திறந்து பாத்தனீங்களோ?" என்று கேட்டார். மனிசன் அன்றைக்கு மோதகம் சாப்பிடவில்லை.

என்னோடு பெரிய சண்டை ஒன்று பிடித்தார். வான்காரன் ஒருவன் முன்பக்கத்துக்குத் தடித்த கம்பி அடிக்கச் சொல்லி வந்திருந்தான். இங்கே இரவு றோட்டில் மாடு படுக்கும், அதனால் எல்லோரும் அடிப்பார்கள். நான் அளவெடுத்துக்கொண்டிருக்க அக்கா வந்து வானுக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"தம்பி, வானின்ரை மூக்கு நசியவேணும். அது நசிஞ்சாத்தான் அடி உள்ளுக்கு வராது. நீங்கள் இரும்பால வேலி அடைச்சா, மதகில இடிக்கேக்கை அந்த அடி எங்கை போகும்? இவற்ரை நெஞ்சுக்குத்தான்."

"அக்கா, உது ஜேர்மனி இல்லை, கண்டியளோ! இஞ்சை மாடு வரும், யானை வரும். நீங்கள் கூட்டினது கண்ணாடி. நான் இரும்போட சீவிக்கிறவன்!"

ஊருக்கே கேட்கக் கத்தினேன். அவர் கத்தவில்லை. "ஆள் இருக்கிற இடம் தங்கவேணும். மிச்சமெல்லாம் நசியட்டும்" என்று, யாரோ எழுதிக்கொடுத்ததைச் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் அவருடைய மந்திரம். அந்த வான்காரன் குழம்பிப்போய்க் கம்பி அடிக்காமலே போய்விட்டான். எனக்கு ஒரு வேலை போனது. அவரை அன்று எவ்வளவு திட்டினேன் என்று எழுத முடியாது.

இனி மெசின் கதைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடிந்தால் வரமாட்டேன்.

நாலு சில்லு உழவு மெசின் புதிதாக வரும்போது, ஓட்டுகிறவரின் கதிரைக்குப் பின்னால், தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் இரும்பு வளைவு ஒன்றும் சேர்ந்து வரும். நாங்கள் அதைப் 'பைப்' என்போம். மெசின் புரண்டால் அது நிலத்தில் ஊன்றி ஆளை நசியாமல் காக்கும் என்று போட்டது. எங்களுக்கு அது கரைச்சல். மாங்கொப்பில் கொழுவும், மெசின் விடுகிற கொட்டிலின் தாழ்வாரத்தில் இடிக்கும். கொட்டிலை உயர்த்துவதைவிடப் பைப்பைக் கழற்றுவது சுகம். அதனால் மெசின் வந்து ஒரு மாதத்துக்குள் பாதிப் பேர் என்னிடம் வருவார்கள். அக்காவின் தம்பியும் வந்தான், அக்கா ஜேர்மனியில் இருந்து வருவதற்கு முந்தின வருடம்.

பைப்பை நட்டுத்தான் பிடித்துக்கொண்டிருந்தது, கழற்றியே எடுத்திருக்கலாம். நட்டு இறுகிக் கிடந்தது. இரண்டுதரம் எத்தனித்தேன், இளகவில்லை. எனக்கு விசர் வந்துவிட்டது. கிறைண்டரைப் பிடித்து இரண்டு பக்கமும் அறுத்துத் தள்ளினேன். பத்து நிமிட வேலை. தம்பியும் நானும் சிரித்துக்கொண்டுதான் செய்தோம்.

பிறகு அக்கா வந்தார். வந்த ஆறாம் மாதம் தம்பியையும் மெசினையும் என் கராச்சுக்குக் கூட்டிவந்து, "இதுக்கொரு பெல்ற் பூட்டிவிடுங்கோ" என்றார். அந்தப் பெல்ற்றும் மெசினோடு வந்ததுதான், சாக்கில் சுற்றி வீட்டில் கிடந்திருக்கிறது. வயலுக்குள் ஆமை வேகத்தில் போகிற மெசினுக்குப் பெல்ற்! எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தம்பி வெட்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு, "பூட்டுங்கோ அண்ணை, அக்கா நித்திரை கொள்ளாது" என்றான். பூட்டினேன். அறுத்த அடிக்கட்டைகள் இரண்டும் என் முகத்துக்கு நேரே நின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்து நட்டை இறுக்கினேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

அவன் அக்காவுக்காகப் பெல்ற் போட்டான். கூட உழுகிறவர்கள் பகிடி பண்ணினார்கள், விமானம் ஓட்டுகிறான் என்று. அவன் சிரித்துக்கொண்டு போடுவான். வன்னி முழுக்கத் தேடினாலும் மெசினில் பெல்ற் கட்டுகிற இன்னொருவன் கிடைத்திருக்கமாட்டான்.

விதைப்புக்கு மழை தொடங்கியிருந்தது. வாய்க்கால் மண்கட்டின் மேலே போன மெசின், கரை இடிந்து, தலைகீழாக வாய்க்காலுக்குள் புரண்டது. கணுக்கால் அளவு தண்ணீர்தான், ஆனால் மெசின் முழுவதும் அவன் மேல் கிடந்தது. மற்றவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்து, கத்தியால் பெல்ற்றை அறுத்து எடுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் அதே பேச்சுத்தான். "பெல்ற் போடாட்டிப் பாய்ஞ்சிருப்பான்." ஒருவர் சொல்ல, அடுத்தவர் சொல்ல, பந்தலெல்லாம் அதுவே. பிறகு தம்பியின் மனைவி எழுந்து வந்து அக்காவின் முன்னால் நின்றாள்.

"நீங்கள்தான் மச்சாள் அவரைக் கட்டி வைச்சியள்."

பந்தலில் இருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேரின் மெசினில் பைப் இல்லை. ஒருவரும் பைப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் வாய்க்கு ஊரில் பெயர் இருக்கிறது, அன்று அதுவும் திறக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவியோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன்.

அதன்பிறகு அக்கா எதையும் தட்டிப் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். ஓட்டோவில் அப்படியே ஏறிப் போகிறாராம். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஒரு கிழமையில் கராச்சுக்கு வந்தார். வந்து, கால் வளைந்த அந்தக் கதிரையிலேயே அமத்திப் பாராமல் இருந்துவிட்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். மெசினின்ரை கதிரைக்குப் பின்னால ரெண்டு பக்கமும் வெட்டின கட்டை நிக்குது. அது என்ன?"

"பெல்ற் பூட்டேக்கை நீங்களும் கண்டனீங்கள்தானே அக்கா."

"கண்டனான். பெட்டி கொழுவிற ஏதோ சாமான் எண்டு நினைச்சன். அந்த மண்டபத்துக்கு ரக்ரர் வரேல்லைத் தம்பி. எனக்குக் கார் மட்டும்தான் தெரியும்."

சொன்னேன். பைப் என்றால் என்ன, ஏன் போடுகிறது, யார் வெட்டியது, எல்லாம். நட்டு இளகாதபடியால் எனக்கு வந்த கோபத்தையும் சொன்னேன். என்னை அடிப்பார், மண் அள்ளித் தூற்றுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பி வாசலுக்குப் போய், போனில் யாருடனோ ஜேர்மன் மொழியில் கதைத்துவிட்டு வந்தார்.

"என்னோடை வேலை செய்த மனிசி ஒராளுக்குப் போன் எடுத்தனான். பைப் இருந்தாப் பெல்ற் கட்டாயம் போடவேணுமாம். பைப் இல்லாட்டிப் போடவே கூடாதாம்."

"அப்ப விசயம் தெரிஞ்சுபோச்சுத்தானே அக்கா."

"அது அந்த மனிசி வாயால சொன்னது. நானும் இவ்வளவு காலம் சொல்லித்தானே திரிஞ்சனான். சொல்லை நம்பித்தான் அவன் கட்டினவன்." நின்று என்னைப் பார்த்தார். "அதே மெசின், அதே வாய்க்கால் கட்டு. பைப் நிண்டிருந்தா அவன் தப்பியிருப்பானோ? அதை நான் கண்ணால காணவேணும்."

எனக்கு விளங்கியது. பைப் இருந்தும் நசிந்தால், அவனைக் கொன்றது அக்கா கட்டின பெல்ற். நசியாவிட்டால், நான்.

விசர் வேலை என்று ஊர் சொன்னது. நானும் இரண்டு நாள் அப்படித்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தண்ணீர் புகுந்து இயந்திரம் செத்து, இரும்பு விலைக்குப் போகக் கிடந்த மெசின் அது. அதே மாதிரி மெசின் ஒன்றின் வெட்டாத பைப்பை வவுனியாவில் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். அதைப் பூட்டவேண்டும் என்றால் அறுத்த அடிக்கட்டைகளைக் கழற்றவேண்டும். இந்தமுறை நட்டுகளுக்கு எண்ணெய் விட்டேன். ஒருநாள் ஊறவிட்டு, திரும்ப விட்டேன். இரண்டாம் நாள் பின்னேரம் கையாலேயே இளகி வந்தன. இரண்டே நாள். அந்த இரண்டு நாளை நான் அவனுக்குக் கொடுத்திருந்தால் பைப் முழுசாக அவனுடைய கொட்டிலில் கிடந்திருக்கும், பெல்ற் பூட்ட வந்த அன்று அக்கா இது என்ன என்று கேட்டு அதையும் பூட்டுவித்திருப்பார். கராச்சின் பின்பக்கம் போய் அழுதேன்.

அறுவடை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பிறகு நாள் குறித்தார். பொம்மை வேண்டும். உரப்பைகளில் நெல்லும் மணலும் அடைத்து, காற்சட்டைக்குள்ளும் சேட்டுக்குள்ளும் திணித்து அவரே தைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு தம்பியின் மனைவியிடம் போனார். செத்தவீட்டுக்குப் பிறகு இருவருக்கும் கதை பேச்சு இல்லை, ஒரே வளவுக்குள் இரண்டு குசினி வைத்துச் சமைத்தார்கள். வாசலில் நின்று கேட்டார்.

"பிள்ளை, அவன் என்ன நிறை இருந்தவன்?"

அவள் உள்ளே போய் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியை எடுத்துவந்து பார்த்து, "அறுபத்தெட்டுக் கிலோ" என்றாள். திரும்பவும் உள்ளே போய் அவனுடைய நீலச் சேட்டைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். பொம்மையை நெல்லு நிறுக்கிற தராசில் போட்டு, கூடக் குறைய அள்ளி, அறுபத்தெட்டாக்கினோம். தலைக்கு, என் கராச்சில் இரும்பு துருப்பிடிக்காமல் அடிக்கிற சிவப்பு மையைப் பூசினார் அக்கா. பொம்மையின் முகம் எங்கே இடித்தாலும் அங்கே நிறம் ஒட்டும், ஒட்டின இடத்தைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்வார்களாம். மோதின பிறகு பொம்மைகளின் முகத்தைத் துடைத்து வைப்பதும் தன்னுடைய வேலையாகத்தான் இருந்தது என்றார்.

வாய்க்கால் கட்டின் மேல் ஊரே நின்றது. அதே இடம். பொம்மையை மெசினில் இருத்தி அக்காவே பெல்ற்றை மாட்டினார். மாட்டிவிட்டு வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார், எவ்வளவோ நாளைக்குப் பிறகு. மறுகரையில் இழுத்துப் புரட்ட இன்னொரு மெசின், நடுவில் கயிறு. நான் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மடங்கவேண்டும், பிள்ளையாரே மடங்கவேண்டும் என்று நேர்ந்தேன். மடங்கினால் பழி முழுவதும் அந்த மனிசியின் தலையில் போகும் என்று தெரிந்துகொண்டே நேர்ந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நேர்ந்தேன்.

கயிறு இறுகியது. மெசின் ஒரு பக்கம் தூக்கி, ஒருகணம் நின்று, தடாலென்று வாய்க்காலுக்குள் புரண்டது. புழுதி. யாரோ பெண்பிள்ளை கத்தினாள். புழுதி அடங்கிப் பார்த்தால், பைப் ஒரு முழம் மண்ணுக்குள் புதைந்து, கொஞ்சமும் மடங்காமல் மெசினைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நீலச் சேட்டு பெல்ற்றில் தலைகீழாகத் தொங்குகிறது. அக்கா இறங்கி, குனிந்து, தலைக்கும் நிலத்துக்கும் இடையில் கையை விட்டு ஆட்டிப் பார்த்தார். கை தாராளமாகப் போய்வந்தது. கதிரையில் பார்த்தார், சில்லு மூடியில் பார்த்தார், மண்ணில் பார்த்தார். சிவப்பு ஓரிடத்திலும் இல்லை.

மறுகரை மெசின்காரன் இயந்திரத்தை நிறுத்தினான். தம்பியின் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கிப் போய், பொம்மையின் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அக்கா பெல்ற் கொழுக்கியில் கையை வைத்தார். வைத்துக்கொண்டு நிமிர்ந்து, வாய்க்கால் கட்டின் மேலே நின்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் விலகிவிட்டார்கள், நான் மட்டும் தனியாகத் தெரிந்தேன். ஏசப்போகிறார், ஏசட்டும் என்று நின்றேன்.

"தம்பி, நீங்களும் வாங்கோ" என்றார். "அறுபத்தெட்டுக் கிலோ. ரெண்டு பேருக்குப் பாரம்."

இறங்கிப் போய்த் தோளைப் பிடித்தேன். அக்கா கொழுக்கியை அமத்தினார்.